சூளைக்குப் போகாத கல்

1877 ஓகஸ்ட் 6, திங்கள். கட்டுகஸ்தோட்டை

கல் இன்றைக்கும் வெடித்துவிட்டது.

குசினிக்குப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வளவிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, பாக்கு வெட்டுகிற மாதிரித்தான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் துரப்பணத்தைப் பிடித்தபடி குந்தியிருக்கிறார். சாவி போடும் துளையிலிருந்து மேல்விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு.

“கல்லுல நரம்பு ஓடியீக்கி,” என்றார்.

போன முறையும் நரம்புதான். அதற்கு முந்தியதில் நரம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் மெருகு போட்டு முடித்து, யந்திரம் பூட்டி, என் அண்ணன் ஹாஷிம் நானாவின் கடையில் கொஞ்ச நாள் காட்சிக்கும் இருந்த மணிக்கூடு அது. ஒரு தூண் மற்றதைவிடக் கொஞ்சம் பருமன் என்று திரும்பக் கொண்டுவந்து, சுத்தியலை எடுத்து இவரே அடித்துப்போட்டார். யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? கேட்டால், “எனக்குத் தெரியுமே” என்கிறார்.

ஊரெல்லாம் இந்த வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறது. சுவருக்கு அடிக்கிறது, வெற்றிலையில் தடவுகிறது. இந்த ஒரு மனுஷன்தான் அதைக் குடைந்து மணிக்கூடு செய்கிறார். தோட்டத்து பங்களாக்களில் மணிக்கூடு திருத்துவதும் சாவி கொடுப்பதும் இவர் தொழில். அப்படிப் போன ஒரு துரை வீட்டில் கறுப்புக்கல்லில் செய்த மணிக்கூடு ஒன்றைக் கண்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். “அவங்கட கல்லுல ஏலுமெண்டா எங்கட கல்லுல ஏலாதா?” என்று கேட்டுக்கொண்டு வந்தவர்தான், இன்னும் அதே கேள்வியோடு குந்தியிருக்கிறார்.

உடைந்த துண்டெல்லாம் வேலியோரம் குவிந்து கிடக்கிறது. மாமி அதன்மேல் மிளகாய் காயப்போடுகிறார். “புள்ளயில்லாத வீடு, கல்லப் பெத்து வளக்குது” என்று அடுத்த வீட்டில் பேசுகிறார்களாம். அதையும் மாமிதான் வந்து சொன்னார். அவருடைய மகனிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தால் மீனைப் பூனை கொண்டுபோய்விட்டது.


ஓகஸ்ட் 9, வியாழன்

புதுக்கல் பார்க்கப் போயிருக்கிறார். போகட்டும்.


ஓகஸ்ட் 14, செவ்வாய்

ஹாஷிம் நானா கண்டியிலிருந்து வந்தார். என் கூடப் பிறந்தவர் என்றாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வியாபாரம் பேசத் தொடங்குகிற ஆள். டவுனில் அவருடைய கடையில் யானைத்தந்தம், ஆமையோடு, ரேந்தைப் பின்னல் என்று வெள்ளைக்காரர்கள் ஆசைப்படுவதெல்லாம் இருக்கும்.

உடைபடுவதற்கு முந்தி கடையில் நின்ற அந்த மணிக்கூட்டை அம்பிட்டியப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்துத் துரைசாணி ஒருத்தி பார்த்திருக்கிறாள். கோப்பி பறித்து முடிந்ததும் துரையும் அவளும் சீமைக்கே போகிறார்களாம். இந்த ஊர்க் கல்லில் செய்த மணிக்கூடு ஒன்று கொண்டுபோக வேண்டுமாம்.

“நான் வாக்குக் குடுத்துட்டேன் மச்சான்,” என்றார் நானா. “இந்த முறையும் ஒடச்சிப் போட்டீங்கெண்டா என் மூஞ்சில கரி.”

இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கல்லு நல்லா ஈந்தா செய்யலாம்.”

“கல்லு நல்லாத்தான் ஈக்கி. உங்கட மனசுதான் சரியில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. நானா போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, முடிஞ்ச ஒடன எனக்கு ஆளனுப்பு. சுத்தியல ஒளிச்சி வை,” என்றார்.


ஓகஸ்ட் 27, திங்கள்

மூக்கையா மாட்டுக் கரத்தையில் மூன்று கல் கொண்டுவந்து இறக்கினான். கோப்பித் தோட்டத்தை விட்டு வந்து சூளையில் வேலை செய்கிறவன். சுடுவதற்கு முன் நல்ல கல்லாகப் பார்த்து இவருக்கென்று ஒதுக்கி வைப்பான். ஒன்று பால் வெள்ளை. ஒன்று பழுப்பு. மூன்றாவது வெள்ளையில் பச்சைக் கீற்று ஓடியது, எனக்குப் பார்த்ததும் பிடித்தது. பாசி படிந்த தண்ணீர் மாதிரி. இவர் காலால் தள்ளிவிட்டார். “அழுக்குக் கல்லு.”

பால் வெள்ளையை அறுக்கிறோம். அறுக்கிறது என்றால் பல்லில்லாத இரும்புத் தகட்டை முன்னும் பின்னும் இழுப்பது, அடியில் ஈர மணல். இரும்பு அறுப்பதில்லை, மணல்தான் அறுக்கிறது. மணலும் தண்ணீரும் ஊற்றுவது நான். காலையிலிருந்து அஸர் தொழுகை வரைக்கும் இழுத்து விரற்கடை இறங்கியிருந்தால் பெரிய காரியம்.

இன்றைக்கு ஒன்று சொன்னேன். “மொதல்ல துளையப் போட்டுட்டு மறுகா உள்ளுக்க குடைஞ்சா என்ன? கல்லு தடிப்பா ஈக்கிறப்ப வெடிக்காதே.”

“ஒனக்கு இதுல என்ன தெரியும்?” என்றார். கோபமாகக்கூட இல்லை. ஈ ஓட்டுகிற மாதிரிச் சொன்னார்.


செப்டம்பர் 3, திங்கள்

முதலில் துளை போட்டார். பிறகு குடைகிறார். வெடிக்கவில்லை.

மூக்கையாவிடம் சொல்வது குசினி வரைக்கும் கேட்டது. “நானே யோசிச்சிப் பாத்தேன் மூக்கையா. தடிப்பா ஈக்கிறப்பவே துளைக்கோணும்.”

தண்ணீர் கேட்டு வந்த மூக்கையா என்னிடம், “மொதலாளிக்கு நல்ல மூளைங்க தாயி,” என்றான்.

ஆமாம். நல்ல மூளை. செம்பை ‘ணங்’கென்று வைத்தேன்.


செப்டம்பர் 13, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. கல் தூசி தொண்டைக்குள் போனால் நோன்பு முறியுமா என்று மாமியிடம் கேட்டேன். “பள்ளி லெப்பையிட்ட கேக்கோணும். அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத் தேயி,” என்றார். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறேன்.

மெருகு என்பது ஒரு வேலை இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலை. முதலில் ஆற்று மணல். பிறகு சலித்த மணல். பிறகு செங்கல்லை இடித்துச் சீலையில் சலித்த தூள். பிறகு தும்புச் சாம்பல். கடைசியில் தேன்மெழுகு. ஒவ்வொன்றும் முன்னது போட்ட கீறலை அழிக்க வேண்டும். ஒரு கீறல் தப்பினால் மெழுகு போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும், மறுபடி செங்கல்தூளுக்குப் போக வேண்டும். விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. நேற்று ஊசியை எடுக்கப் போனேன், பிடிபடவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது.

இதையெல்லாம் எழுதுவதே ஓர் ஆறுதலுக்குத்தான். வாப்பா பழக்கிய ஓதல் எழுத்து, தமிழை அரபு எழுத்தில் எழுதுவது, உதவுகிறது. வாயால் சொன்னால் இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?


செப்டம்பர் 22, சனி

முடிந்தது.

வெயிலில் வைத்துப் பார்த்தோம். இரண்டு தூண், மேலே வளைவு, அடியில் கோப்பி இலையும் பழமுமாகக் கொடி. இலையின் நரம்பைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார். நானும் அந்த ஒவ்வொரு நரம்புக்குள்ளும் ஈர்க்குச்சி விட்டுத் தேய்த்திருக்கிறேன். வெயில் பட்டதும் கல்லுக்குள்ளே விளக்கு வைத்த மாதிரி ஓரங்கள் ஒளிவிட்டன.

இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. சுத்தியலை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.


செப்டம்பர் 29, சனி

எங்க போய்ச் சொல்ற இத.

பெருநாள் வருகிறது என்று மாமி வீட்டிலுள்ள பித்தளையெல்லாம் எடுத்து வைத்துக் கொறக்காப்புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு, படிக்கம், செம்பு. நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் மணிக்கூடும் விளக்குகளோடு வரிசையில் நிற்கிறது! முகம் முழுக்கப் புளித் தண்ணீர், வெயிலில் காய்கிறது.

“நல்லாப் பளபளக்கட்டுமெண்டு பூசினேன் மகள்,” என்றார்.

ஓடிப்போய்த் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தெரிகிறது. மெருகெல்லாம் போய், சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறி, சொரசொரவென்று… அது சுண்ணாம்புக்கல்தானே, புளி தின்றுவிடாதா? மாமிக்கு என்ன தெரியும் பாவம். பித்தளை மின்னுகிறது, அது மின்னாதா என்று செய்தது.

இவர் வந்தார். பார்த்தார். உம்மாவிடம் ஒரு சொல் இல்லை. என் பக்கம் திரும்பி, “நீ எங்க போய்த் தொலஞ்ச? ஒரு பொருளப் பாத்துக்க ஏலாதா ஒனக்கு?” என்றார்.

நான் எனத்த செஞ்சேன்? ஒங்கட சட்டயத்தானே கழுவிக்கிட்டு நிண்டேன்! நோன்பு வாயோட சண்ட புடிக்கக் கூடாதெண்டு பல்லக் கடிச்சிக்கிட்டு நிண்டேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.


ஒக்டோபர் 1, திங்கள்

மாமி நேற்று ஒன்றும் வாயில் வைக்கவில்லை. நோன்பு திறந்தும் ஒரு மிடறு தண்ணீரோடு எழுந்துவிட்டார். இன்றைக்குக் காலையில் பார்த்தால் பின்வளவில் குந்தி, உரலில் செங்கல் இடிக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூளா அழுகையா தெரியவில்லை.

“சீலையில சலிச்சித் தரட்டா?” என்றார்.

“தாங்க மாமி.”

மணலிலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறேன். இவர் அந்தப் பக்கமே வரவில்லை. செதுக்குவது மட்டும்தான் வேலை, மற்றதெல்லாம் தானாக முளைக்கும் என்று நினைப்பு.


ஒக்டோபர் 9, செவ்வாய். பெருநாள்

ஒரு நல்ல நாளைக்கூட நல்ல நாளாகக் கழிக்க விடமாட்டார்கள்.

நானா வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். மெருகு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட நன்றாக என்றே சொல்வேன். நானா தடவிப் பார்த்து, “மாஷா அல்லாஹ்,” என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“முகத்துல ஒரு பேரு வெட்டிக் கறுப்பு அடைக்கோணும் மச்சான். லண்டன் கம்பெனிப் பேரு ஒண்டு. துரைமார் ஊட்டுல பேரில்லாத மணிக்கூட்டுக்கு மதிப்பில்ல.”

“செஞ்சது நான்,” என்றார் இவர்.

“உங்கட பேர அங்க ஆரு வாசிக்கப் போற?”

“ஆரும் வாசிக்க வேணாம். பொய்ப் பேரு போடுறத விட ஒடச்சிப் போடலாம்.”

நானா எழுந்து போய்விட்டார். மணிக்கூட்டை இன்றைக்கே ஏற்றிப் போகத்தான் வந்திருந்தார். இவர் சுத்தியலைத் தேடினார், வீடு முழுக்க. அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். “ஒங்கட பேரு, ஒங்கட பேரு எண்டு செல்றீங்களே. இதுல ஒங்கட பேரு மட்டுமா ஈக்கி? இந்தக் கையப் பாருங்க.” நீட்டினேன். நுனியெல்லாம் தேய்ந்த கை.

பார்த்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“மெருகு ஆரும் போடலாம்,” என்றார்.


ஒக்டோபர் 12, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

இவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் மூக்கையாவைக் கூப்பிட்டேன். வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கரத்தையில் ஏற்றினோம். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், தடுக்கவில்லை. “நானாட்ட செல்லு. இதுல ஒரு பேரும் போடக் கூடாது. உண்மைப் பேரும் வேணாம், பொய்ப் பேரும் வேணாம். நான் சென்னதாச் செல்லு,” என்றேன்.

“மொதலாளி வந்து கேட்டா என்னாங்க தாயி சொல்றது?” என்றான் மூக்கையா.

“அத நான் பாத்துக்கிறேன்.”

வந்தார். மேசையைப் பார்த்தார். “எங்க?”

“நானாட கடைக்கு அனுப்பிட்டேன்.”

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சொல்ல வேண்டியதெல்லாம் வைத்திருந்தேன். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மணிக்கூடு திருத்தும் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு பங்களாக்களுக்குப் போய்விட்டார். சோறு ஆறிக் கிடக்கிறது.

செய்தது சரியா? உடைப்பதற்குக் கொடுத்திருக்க வேண்டுமா? என் ஒன்றரை மாத உழைப்பும் அதில்தானே இருக்கிறது.


ஒக்டோபர் 20, சனி

நானா பேரை வெட்டிவிட்டாராம்! லண்டன் பேர், இங்கிலீசில், பொறித்துக் கறுப்பு அடைத்து. மூக்கையா வந்து சொன்னான். “நான் தாயி சொன்னத அப்புடியே சொன்னேங்க. கடைக்காரர் சிரிச்சாருங்க.”

சிரிச்சாராம்.

ஒருத்தர் நான் மெருகு போட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொருத்தர் நான் சொன்னதையே கணக்கில் எடுக்கவில்லை. நல்ல புருஷன், நல்ல நானா. எனக்கு நன்றாக வேண்டும்.


ஒக்டோபர் 25, வியாழன்

இவர் டவுனுக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “கடையில பாத்தேன். நல்லா மினுங்குது.”

இத்தனை நாளில் என்னோடு பேசிய ஒரே பேச்சு இது. அந்தப் பொய்ப் பேரையும் அதை அனுப்பிய என்னையும்தான் குத்துகிறார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.


நவம்பர் 5, திங்கள்

உளி, துரப்பணம், தகடு எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். கல்லையே தொடுவதில்லை. விடிந்தால் போகிறார், பொழுது சாய வருகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. தூசி இல்லை, கரகரச் சத்தம் இல்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்க்கிறேன். “அடி ஓட்டையாகிப் போகும் மகள்,” என்றார் மாமி.

வேலியோரம் போய் நின்றேன். அந்தப் பச்சைக்கீற்றுக் கல் மிளகாய்க்கு அடியில் கிடந்தது.


நவம்பர் 8, வியாழன்

பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். மாமி ஏணியைப் பிடித்தார். பிடித்தபடியே, “நீயுமா?” என்றார்.

நானும்தான்.


நவம்பர் 19, திங்கள்

மூக்கையா வந்து தகட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்ததால் இரண்டு முகமும் அறுந்துவிட்டன. உளிதான் என் சொல் கேட்கவில்லை. மூலையில் ஒரு சில்லுத் தெறித்துப் போய்விட்டது. அழுகை வந்தது. கட்டைவிரலிலும் ஒரு போடு. நகம் கறுத்துவிட்டது. இவர் கல்லைத் தட்டும்போது இறகு விழுகிற மாதிரி இருக்கும். நான் தட்டினால் தேங்காய் உடைக்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது தெரிகிறது, அவருடைய வேலையும் ஆரும் செய்கிற வேலை இல்லை என்று. அதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

தெறித்த மூலைக்குச் சரியாக மற்ற மூன்று மூலையையும் வளைத்து எடுத்தேன். தூணும் வளைவும் எனக்கு வராது. மணிக்கூடு ஒரு ஆற்றுக்கல் மாதிரி உருண்டு நிற்கிறது. அப்படியே நிற்கட்டும்.


நவம்பர் 26, திங்கள்

மத்தியானமே வந்துவிட்டார். நான் துரப்பணமும் கையுமாக இருந்தேன். ஒளிக்க நேரமில்லை.

நின்றார். கல்லைப் பார்த்தார், என் நகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மாமியிடம் சொல்வது கேட்டது. “இன்னும் ரெண்டு பங்களா பூட்டிட்டாங்க உம்மா. கோப்பி எலயெல்லாம் மஞ்சப் பொடி புடிச்சி உதிருது. மரம் கம்பு மாதிரி நிக்கிது. ஆளில்லாத ஊட்டுல ஆருக்குச் சாவி குடுக்க?”

சில வருஷமாகவே அந்த நோய் இருக்கிறது என்பார்கள். இப்படி வீடு பூட்டுகிற அளவுக்கு வருமென்று நினைக்கவில்லை. மனசு கனத்துப்போய்த் துரப்பணத்தைத் திருப்பினேன்.

பின்னாலிருந்து குரல். “தண்ணிய நெறய ஊத்து. கல்லு சூடாகுது.”

திரும்பிப் பார்க்கவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் ஊற்றினேன்.


டிசம்பர் 5, புதன்

துளை மறுபக்கம் வந்துவிட்டது. வெடிக்கவில்லை! “மாமி!” என்று கத்திவிட்டேன். மாமிக்கு முன்னால் இவர் வாசலில் நின்றார். என்ன ஏதென்று பயந்துபோன முகம். கல்லைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.


டிசம்பர் 19, புதன்

மணிக்கூடு திரும்பி வந்துவிட்டது. இவர் செய்தது.

அம்பிட்டியத் துரையின் தோட்டம் கைமாறிப் போய்விட்டதாம். துரையும் துரைசாணியும் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார்களாம். நானா அதை விற்கப் பார்த்திருக்கிறார், கோப்பி இருக்கிற நிலையில் எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூக்கையாவின் கரத்தையிலேயே அனுப்பிவிட்டார். கூட வரவில்லை, வெட்கம் போல.

இதற்காகவா இவ்வளவும்? அவருக்குத் தெரியாமல் அனுப்பி, பேச்சு முறிந்து, ஒரு வீட்டுக்குள் மூன்று பேரும் மூன்று திசையில் இருந்து… இதற்காகவா?

மேசையில் வைத்தேன். நடு முகத்தில் கறுப்பாக அந்த இங்கிலீஸ் எழுத்து. இவர் வந்து பார்த்து அப்படியே நின்றார். மாமிதான் கிட்டப் போய் எழுத்தைத் தடவினார். “இது எனத்த எழுதி ஈக்கி?”

“லண்டன்ல செஞ்சதாம் உம்மா,” என்றார் இவர்.

“லண்டன்லயா?” மாமி உண்மையாகவே திகைத்துப் போனார். “அப்ப நான் கொறக்காப்புளி பூசி நாசமாக்கினது ஆருட மணிக்கூட்ட?”

இவர் சிரித்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “எனத்துக்குச் சிரிக்கிறீங்க?” என்று கோபித்துக்கொண்டு போனார்.

சிரித்து முடிந்ததும் இவர் குனிந்து அந்த எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.


1878 ஜனவரி 3, வியாழன்

எழுத்து ஆழமாக வெட்டியிருக்கிறது. அழிக்க வேண்டுமென்றால் முகம் முழுவதையும் ஒரு தடவை தேய்த்து இறக்க வேண்டும். இவர் கல்லும் மணலும் வைத்துத் தேய்த்தார். பேர் போனது. மெருகும் போனது.

கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார், எப்போதும் வைக்கிற மாதிரி. வைத்துவிட்டுப் போகத் திரும்பினார்.

நான் என் பச்சைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். “மெருகு ஆரும் போடலாம்தானே.”

கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. போகவும் இல்லை, வரவும் இல்லை. நானே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட வந்தது. எடுக்கவில்லை.

“சலிச்ச மணல் எங்க ஈக்கி?” என்றார்.


ஜனவரி 10, வியாழன்

தேய்க்கிறார். தோளால் தேய்க்கிறார், மணிக்கட்டால் தேய்க்க வேண்டும். மணலை அரைகுறையாக விட்டுவிட்டுச் செங்கல்தூளுக்குத் தாவுகிறார். மெழுகு போட்டதும் கீறலெல்லாம் எழும்பி நிற்கிறது. எடுத்துக் காட்டினேன். மறுபடி மணலுக்குப் போனார்.

அஸருக்குப் பிறகு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“ஸக்கியா, நீ இத்தன நாளும் இத…” என்று தொடங்கினார்.

முடிக்கவில்லை. முடித்திருக்கலாம். நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். மாமி எண்ணெய் கொண்டுவந்து அவருடைய விரலில் தடவிவிட்டார். எனக்கு ஒருநாளும் தடவியதில்லை. சரி, பெற்றவர்.


ஜனவரி 22, செவ்வாய்

சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். எங்கோ ‘டிக் டிக்’. இவருடைய மணிக்கூடு இன்னும் யந்திரம் கழற்றியபடி மெருகில் இருக்கிறது. பார்த்தால் என்னுடையது ஓடுகிறது! பச்சைக்கல்லுக்குள் சின்ன யந்திரம் ஒன்று பூட்டியிருக்கிறது. இவர் பெட்டிக்குள் சீலையில் சுற்றி வைத்திருந்த யந்திரம், யார் கேட்டும் கொடுக்காதது.

பூட்டியவர் குசினியில் குந்தி ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“பேரு எனத்த போட?” என்று கேட்டார்.

இதற்காகத்தானே இவ்வளவு சண்டையும். கேட்டதும் கூச்சமாகப் போய்விட்டது.


பெப்ரவரி 4, திங்கள்

என் கல்லின் பின்பக்கத்தில் என் பேரைக் கரியால் ஓதல் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இவர் வெட்டினார். முதல் எழுத்தைக் கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டார். வெட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கல்லைத் தூக்கித் திருப்பி வைக்கப் போனார், புதிதாக ஒன்று செய்வோம் என்று.

“விடுங்க. நல்லாத்தான் ஈக்கி,” என்றேன்.


பெப்ரவரி 18, திங்கள்

நானா வந்தார். அக்குறணையில் ஒரு கடைக்கார வீட்டுக் கலியாணத்துக்கு மணிக்கூடு கேட்கிறார்களாம். துரைமார் போய்க்கொண்டிருக்கிறார்கள், இனி ஊர் ஆட்களுக்கு விற்றால்தான் உண்டு என்று இப்போதுதான் நானாவுக்குத் தெரிகிறது. இவருடைய தூண் மணிக்கூட்டைத்தான் எடுக்க வந்தார். எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த என்னுடையதைத் தூக்கினார். பின்னால் திருப்பிப் பேரை வாசித்தார். என்னைப் பார்த்தார்.

“இதக் கொண்டு போறேன்,” என்றார். “பேரோடயே.”

“பேரோடதான்,” என்றேன்.

சாக்குச் சுற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நானா போன பிறகு இவர் தன்னுடையதை வெயிலுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மெருகு முடிந்துவிட்டதாம். சாய்த்துப் பார்த்தேன். நடுவில் நன்றாக வந்திருக்கிறது, கண்ணாடிதான். ஆனால் இலைக்கொடிக்கு அடியில், விளிம்போரமாக, இன்னும் மங்கல்.

“இந்த ஓரம் ஆகல்ல. மணல்லேருந்து திரும்பப் போடோணும்.”

“மணல்லேருந்தா?”

“மணல்லேருந்துதான்.”

சலித்த மணல் தீர்ந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் மூக்கையா காலையில் இறக்கிய புதுக்கல்லில் கோடு போட்டு வைக்க வேண்டும்.